சிறகு நனைந்த ஓட்டோ

பிள்ளைக்குக் கதை கட்டிச் சொல்வது பொய் சொல்வதாகுமா என்ற கேள்வியை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் ஓர் ஆலிமோ எழுத்தாளரோ அல்லர். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கச்சியின் மாமியார்தான் கேட்டார். 2018 டிசம்பர் விடுமுறையில் ஓரிரவு, இஷாத் தொழுது முடித்து முசல்லாவை மடித்துக்கொண்டே கேட்டார்.

"மகன், நீங்க படிப்பிக்கிற மனிசன். நீங்களே செல்லுங்க. ஓட்டோ பறக்குமா? பறக்காத ஒண்ட பறக்குதுண்டு சின்னப் பிள்ளைக்குச் சென்னா, மலக்குமார் அத என்னண்டு எழுதுவாங்க?"

விடுமுறை வந்தால்தான் என்போன்ற கிராமத்து வாத்தியார்களுக்குக் கொழும்பு வாய்க்கும். அம்பாறைக் கரையோரத்தில் இரவு பஸ் ஏறி, விடியற்புறம் புறக்கோட்டையில் இறங்கி, தங்கச்சி வீட்டில் நாலு நாள் தங்கித் திரும்புவது என் வழக்கம். அவளுடைய கணவர் ஓட்டோ ஓட்டுபவர். அந்த ஓட்டோவைப் பற்றித்தான் தம் மகளுக்கு ஒவ்வோர் இரவும் அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

கதை இதுதான். இரவு பன்னிரண்டு மணிக்கு ஓட்டோவின் ஹூட் இரண்டாகப் பிளந்து சிறகாகும். ஜம்பட்டா வீதிக்கு மேலால் அது எழும்பும். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளியின் மினாராக்களுக்கு இடையால் நெளிந்து தாமரைக் கோபுரத்துக்குப் போகும். பகலில் மூடிக்கிடக்கும் அந்தக் கோபுரத்தின் மொட்டு நடுநிசியில் விரியும். அதற்குள் இருக்கும் தேன்தான் ஓட்டோவுக்குப் பெற்றோல். தாங்கி நிறைந்ததும் காலிமுகத்திடலைத் தாண்டி, கடலோர ரயில் பாதையைப் பார்த்துப் பார்த்து, வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்தில் இறங்கும். அங்கே ஒரு கிழட்டு நண்டு ஹயருக்குக் காத்திருக்கும். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகவேண்டிய நண்டு அது. கால்களை எல்லாம் மடக்கி ஏறி உட்காருவதற்கே அரை மணித்தியாலம் எடுக்கும். சிப்பியில் காசு கொடுத்துவிட்டு மிச்சம் கேட்டுச் சண்டை பிடிக்கும். நண்டு பேசிய பேச்சு மாமியின் பேச்சைப் போலவே இருந்தது எனக்குப் பிறகுதான் உறைத்தது. மாமியின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மாமியின் கேள்விக்கு அன்று நான் உடனே பதில் சொன்னேன். படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் கலந்திருந்தது. அபூதாவூத் தொகுப்பில் உள்ள அந்த ஹதீஸ் வாசகர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பி வீட்டில் இருக்கும்போது காற்று வீசித் திரை விலகுகிறது. திரைக்குப் பின்னால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிகின்றன. அவற்றின் நடுவில் ஒரு குதிரை. துணித்துண்டுகளால் இரண்டு சிறகுகள் அதற்கு. குதிரைக்குச் சிறகா என்று பெருமானார் கேட்கிறார்கள். சுலைமான் நபியிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

இந்த அறிவிப்பில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்ன விசயம். அந்தப் படையெடுப்பு தபூக்கா கைபரா என்பதில் அறிவிப்பாளருக்குச் சந்தேகம் இருக்கிறது. சிறகுகள் துணித்துண்டால் ஆனவை என்பதில் சந்தேகமில்லை. போரின் பெயர் மங்கிப்போன இடத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் தெளிவாக நிற்கிறது.

மாமி கேட்டுக்கொண்டிருந்தார். "அது பொம்மை. இது வாய்ப்பேச்சு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மருமகளைச் சோதித்துப் பார்த்தேன். ஓட்டோவைச் சுற்றி வந்து, சிறகு எங்கே என்று கேட்டேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "மாமா, அது கதை" என்றாள். இரண்டு நிமிடம் கழித்து, நண்டு காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்குமா என்று தன் வாப்பாவிடம் விசாரித்தாள். இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன். பிள்ளைகளின் இந்த வித்தையை இன்னும் எனக்கு விளக்கத் தெரியவில்லை. நம்பாமல் நம்புகிறார்கள். அதில் ஏமாறுவோர் யாரும் இல்லை.

நம் சமூகத்துக்கு இது புதியதுமல்ல. 1572இல் அரங்கேறிய ஆயிரம் மசலாவிலிருந்து கிஸ்ஸாக்கள், நாமாக்கள் வரை அதிசயங்களை வாய்விட்டு வாசித்துக் கேட்ட வீடுகள் நம்முடையவை. 1885இல் சித்திலெவ்வை எழுதிய அசன்பே சரித்திரத்தின் நாயகன் மிஸ்ரு தேசத்தவன். அதைப் படித்து யாரும் வழிதவறியதாக நான் கேள்விப்படவில்லை. கதை என்றாலே வீண் என்று நெற்றியைச் சுருக்குகிற கூட்டம் ஒன்று இப்போது நம்மிடையே வளர்ந்திருக்கிறது. அவர்களோடு வாதாட இந்தப் பக்கங்களைச் செலவிட நான் விரும்பவில்லை. என் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது தங்கச்சி வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள், கொழும்பில் ஹோட்டல்கள். நாடெங்கும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செய்தவர்களின் பெயர்கள் நம் பெயர்கள். மறுநாள் அதே கோவிலருகே நின்ற வாகனமொன்றிலிருந்த குண்டைச் செயலிழக்கச் செய்யும்போது இரண்டாம் முறையும் வீடு அதிர்ந்தது. ஊரடங்கு வந்தது. சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. மாத இறுதியில் முகம் மூடத் தடை வந்தது. மே மாதத்தில் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் நம்மவர் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. நோன்பும் அந்த மாதத்தில்தான் தொடங்கியது.

மச்சானின் நிரந்தர வருமானம் செவ்வாய்க்கிழமைகளில் இருந்தது. செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள். மத வித்தியாசம் பாராமல் சனம் கூடும். வெள்ளவத்தையிலிருந்து நாலைந்து தமிழ்க் குடும்பங்களை அவர்தான் ஏற்றிவந்து இறக்கிக் காத்திருந்து கொண்டுபோய் விடுவார். வருடக்கணக்கான பழக்கம். பொதிகளைத் தூக்கி மூன்றாம் மாடிவரை கொண்டுபோய்க் கொடுப்பாராம். ஏப்ரலுக்குப் பிறகு கோவில் மூடிக்கிடந்தது. அந்த ஹயர் இல்லை. மற்ற ஹயர்களும் இல்லை. கை காட்டி நிறுத்துகிறவர்கள் அவர் முகத்தையும் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிஸ்மி எழுத்தையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கை அசைத்தார்கள். மச்சான் அவர்களைக் குறைசொல்லி நான் கேட்கவில்லை. "பயந்து போயிருக்கிறாங்க" என்றுமட்டும் சொன்னார். மூன்று வாரம் ஓட்டோ முற்றத்தில் நின்றது.

மகள் கேட்டாள்: "ஏன் வாப்பா இண்டைக்கும் ஹயர் போகல்ல?"

மச்சான் சொன்னார்: "சிறகு நனைஞ்சிட்டு மகள். காயட்டும்."

அந்த நாட்களில் பின்னேரம் இடிமழை பெய்துகொண்டிருந்தது. ஹூட் உண்மையாகவே நனைந்துதான் கிடந்தது. மகள் ஏற்றுக்கொண்டாள். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் சிறகு காயவில்லை. பிறகு பழைய துண்டொன்றை எடுத்துவந்து, தினமும் காலையில் ஹூட்டைத் துடைக்கத் தொடங்கினாள். தங்கச்சி இதைத் தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்தேன். அழகாகச் சமாளித்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த மாதம் முழுக்க யாரைப் பார்த்தாலும் இதைச் சொன்னேன். பாடசாலை ஓய்வறையிலும் சொன்னேன். நல்லதொரு வாப்பாவுக்கு உதாரணமாக.

ஜூன் முதல் வாரத்தில் பெருநாள். பெருநாளுக்குப் பிறகு கொழும்புக்குப் போனேன். வீட்டில் கதைச் சத்தம் இல்லை. மருமகள் இரவில் உம்மாவோடு படுத்தாள். என்ன நடந்தது என்று மச்சான் என்னை வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போய், ரயில் பாதையோரக் கல்லில் இருத்தித்தான் சொன்னார். பாடசாலை திறந்த சில நாட்களில் வகுப்புப் பிள்ளை ஒன்று இவளிடம் சொல்லியிருக்கிறது: "உங்கட ஓட்டோவில ஏற வேணாமெண்டு எங்கட அம்மா சொன்னா." இவள் வீட்டுக்கு வந்தாள். பையைக் கழற்றாமலே வாப்பாவின் முன்னால் நின்று கேட்டாள்.

"சிறகு நனைஞ்செண்டு சென்னீங்களே. அது கதையா, பொய்யா?"

ஆறு வயதுப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்வியை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். மாமி என்னிடம் கேட்டதைவிட இது கூர்மையானது. மாமிக்குக் கதையும் பொய்யும் ஒன்று. எனக்கு, கதை என்று பெயர் வைத்துவிட்டால் எதுவும் பொய்யாகாது. எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டோ பறந்தது கதை. சிறகு நனைந்தது கதையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். சொற்களை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கதையின் இரண்டு துண்டுகள்தானே. பறக்காத ஓட்டோவின் சிறகு நனையவும் முடியாது. பிறகு எங்கே வித்தியாசம்?

அபூதாவூதிலேயே, அதே ஒழுக்கங்கள் பற்றிய பகுதியிலேயே, இன்னொரு பிள்ளையின் கதை இருக்கிறது. மாமிக்குப் பதில் சொன்ன அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது, பெருமானார் அவர்கள் வீட்டில் அமர்ந்திருந்த வேளையில் தாயார் மகனைக் கூப்பிடுகிறார்: வா, உனக்கொன்று தருகிறேன். என்ன கொடுக்க நினைத்தாய் என்று பெருமானார் கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் தாய். நீ ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்கிறார்கள்.

சிறகுள்ள குதிரைக்குச் சிரித்தவர்கள், ஒரு பேரீச்சம்பழத்துக்கு எச்சரிக்கிறார்கள். குதிரை உலகத்தில் இல்லாதது. பேரீச்சம்பழம் எந்த வீட்டிலும் உள்ளது. உண்மைக்கு எது எவ்வளவு தூரம் என்று அளந்தால் தீர்ப்பு மாறி அல்லவா வரவேண்டும்? ஆக அளவுகோல் அந்தத் தூரம் அல்ல. குதிரையை வைத்துக்கொண்டு ஆயிஷா நாயகி (ரலி) யாரையும் எங்கும் வரவழைக்கவில்லை. பேரீச்சம்பழத்தை நம்பி ஒரு பிள்ளை எழும்பி நடந்து வருகிறது. மருமகள் ஹூட்டைத் துடைத்ததும் அப்படித்தான். நண்டுக்குச் சாப்பாடு கேட்டவள் அடுப்படிக்குப் போய்ச் சோறு எடுக்கவில்லை. அது கதை என்று அவளுக்குத் தெரியும். சிறகு நனைந்ததற்கோ துண்டு எடுத்தாள். வாப்பா வேலைக்குப் போவதற்குத் தன்னால் ஆனதைச் செய்தாள். அவள் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு விடையின் இடத்தில் கதை வைக்கப்பட்டது. வைத்தவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

கதை பிறப்பதற்குப் பிள்ளையின் சம்மதம் வேண்டும் என்றுகூடச் சொல்லலாம். சுவீடனின் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1941இல் நிமோனியாவோடு படுத்திருந்த ஏழு வயது மகள் காரினுக்குச் சொன்ன கதைதான் 1945இல் 'பிப்பி லோங்ஸ்ட்ரும்ப்' என்ற நூலாக வந்து உலகமெங்கும் போனது. அந்த விசித்திரமான பெயரைக் கண்டுபிடித்தவள் மகள். பெயரைக் கொடுத்து, இவளைப் பற்றிச் சொல்லு என்று கேட்டாள், தாய் சொன்னார். குதிரையைத் தலைக்குமேல் தூக்கும் சிறுமியைப் பற்றிய அந்தக் கதையில் காய்ச்சல்காரப் பிள்ளை ஏமாறவில்லை. தாயோடு கூட்டுச் சேர்ந்தது.

இன்னொரு தகப்பனின் விசயம் இத்தனை தெளிவானதல்ல. கென்னத் கிரஹம் இங்கிலாந்து வங்கியின் செயலாளராக இருந்தவர். ஒரே மகன் அலஸ்டயர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை. 1907 கோடையில் தகப்பனும் தாயும் கோர்ன்வாலில். ஏழு வயது மகன் வளர்ப்பு ஆசிரியையோடு வேறொரு கடற்கரையில். அதுவரை நேரில் சொல்லி வந்த தேரையின் சாகசங்களைத் தகப்பன் கடிதத்தில் எழுதி அனுப்பினார். அவற்றை அந்த ஆசிரியை பத்திரப்படுத்தினார். மறு வருடம் அவற்றிலிருந்து 'த விண்ட் இன் த வில்லோஸ்' என்ற நூல் பிறந்தது. மகன் 1920 மே மாதம், இருபதாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்க, ஒக்ஸ்போர்ட் அருகே ரயில் பாதையில் இறந்து கிடந்தார். விபத்தென்று முடிவானது, அப்படி நம்பாதவர்கள் பலர்.

இந்த மரணத்தை அந்தக் கதைகளின் தலையில் கட்டுவது அநியாயம். அந்தக் கடிதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் வகுப்புத்தான் கண்ணுக்குள் வரும். வாப்பா கட்டாரில், உம்மா சவூதியில் என்று இருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் உண்டு. இரவில் வட்ஸ்அப்பில் குரல் வரும். கதை வரும். அருகில் இல்லாதவர் கதையை அனுப்புவது குறையா? இல்லை என்றே நினைக்கிறேன். கிரஹம் தேரை சிறையில் கிடந்த கதையை எழுதினார். தேரை என்னைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உன்னிடம் வர முடியவில்லை என்று எழுதவில்லை. நீங்கள் ஏன் இங்கே இல்லை என்று அந்தப் பிள்ளை கேட்டிருந்தால் அதற்கு வேறு பதில்தான் இருந்திருக்கவேண்டும். அந்தப் பதில் கிடைத்ததா என்பது கதையின் விவகாரம் அல்ல, தகப்பனின் விவகாரம்.

இத்தனையும் எழுதிவிட்டு மச்சானைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு யோக்கியதை இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2005 ஜனவரி. கல்வியியல் கல்லூரியை விட்டு வெளிவந்து எனக்கு இரண்டாம் வருடம். இலங்கையில் சுனாமிக்கு மிகுதியான உயிர்களைக் கொடுத்த மாவட்டம் எங்களுடையது. எங்கள் பாடசாலையில் இரண்டு கட்டடம் போய்விட்டது. தறப்பாள் கொட்டிலில் இரண்டாம் வகுப்பு. முன்வரிசையில் ஒரு பொடியன். உம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது, மையித்துக் கிடைக்கவில்லை. ஒரு நாள் இடைவேளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர், உம்மா எங்க?" என்று கேட்டான்.

வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். சொல்லியிருக்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை. கடலுக்கு அடியில் ஒரு ஊர் இருக்கிறது, அங்கே நிறையச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், உன் உம்மா அவர்களுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறா என்றேன். அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதனால் இன்னும் ஒரு வசனம் சேர்த்தேன். ஊட்டி முடிந்ததும் வருவா.

நாலாம் நாள் பின்னேரம் மீன்பிடிக்கிற ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாடசாலை விட்டபிறகு தினமும் கடற்கரையில் போய் இருந்திருக்கிறான். நிவாரணத்தில் கொடுத்த பிஸ்கட் பக்கற்றை உடைக்காமல் வைத்திருந்தான், உம்மாவுக்காக. அவனுடைய பெரிய மாமா அன்றிரவு என்னைத் தேடி வந்தார். "புள்ளைக்கிட்ட என்ன சொன்ன நீங்க சேர்?" என்று கேட்டார். ஏசவில்லை. கேட்டார். அவ்வளவுதான்.

பிறகு உளவளத்துணைக்காரர்கள் வந்து எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். கதையும் சித்திரமும் பிள்ளைகளின் மனதை ஆற்றும் என்றார்கள். பிள்ளை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது பாதி எனக்கு ஒரு மாதம் முந்திக் கிடைத்திருக்கவேண்டும்.

ஆகவே, 2019இல் தொலைபேசியில் 'சிறகு நனைந்த' செய்தியைக் கேட்டுச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பை நான் எனக்கு மன்னிக்கவில்லை. மற்றவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் நாவின் ஆபத்துகளைப் பேசும் இடத்தில், வாத்தியார்களுக்கென்றே எழுதியதுபோல ஓர் உதாரணம் தருகிறார். பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையை வாக்குறுதியோ பொய்யான பயமுறுத்தலோ காட்டித்தான் அனுப்ப முடியும் என்றால், அது ஆகும் என்கிறார். ஆனால் அதோடு விடவில்லை. அதுவும் ஒரு சின்னப் பொய்யாக எழுதப்படும் என்று வந்திருப்பதையும் சொல்லுகிறார். அனுமதி உண்டு, கணக்கும் உண்டு. எந்த நோக்கத்துக்காகச் சொன்னாய் என்ற விசாரணையும் உண்டு.

இளமையில் இதைப் படித்தபோது, இதென்ன இரண்டுங்கெட்டான் தீர்ப்பு என்று தோன்றியது. அனுமதித்ததை ஏன் எழுதவேண்டும்? இப்போது விளங்குகிறது. குண்டு வெடித்த ஊரில், ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கிழமையே எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று நான் எவரையும் கட்டாயப்படுத்தமாட்டேன். சில நாட்கள் பொய் சொல்ல வேண்டி வரலாம். அப்போது அது பொய் என்று சொல்பவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். பிளேட்டோ தம் நூலில் தாய்மாரும் செவிலியரும் சொல்லும் பொய்க்கதைகளைத் தணிக்கை செய்யச் சொன்னார். ஆட்சியாளர் குடிகளுக்குச் சொல்லும் ஒரு பொய்யை மட்டும் உயர்ந்ததென்று வைத்துக்கொண்டார். பொய்க்கு நல்ல உடுப்பு உடுத்துவதில் தத்துவஞானியும் என்னைப்போலத்தான். 'கதைதானே' என்று சொல்லிக்கொண்டேன் நான். அந்த ஒரு சொல்லால் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டேன். பொடியன் கடற்கரையில் இருந்தான்.

இதிலே ஓர் இடம் எனக்கு இன்னும் இருட்டாகவே இருக்கிறது. பிள்ளை கேட்கும் எல்லாக் கேள்வியும் விடை வேண்டிக் கேட்பதில்லை. ஏன் மழை பெய்கிறது என்று கேட்கும் பிள்ளைக்குச் சில நேரம் நீராவி வேண்டும், சில நேரம் மடி வேண்டும். எது எப்போது என்று கண்டுபிடிக்கும் வழி எந்தக் கல்லூரியிலும் எனக்குக் கற்பிக்கப்படவில்லை. பெற்றவர்களுக்கும் அது எப்போதும் தெரிவதில்லை. ஆனால் பிள்ளை துண்டை எடுத்தால், கடற்கரைக்குப் போனால், அது விடை என்று நினைத்து எடுத்துக்கொண்டதை வேறுவிதமாக விளங்கிக்கொள்ள முடியாது. அந்த நிமிடத்தில் கதை சொன்னவர் கதையை விட்டு வெளியே வந்தாகவேண்டும்.

மச்சான் வெளியே வந்தார். அன்று மகளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. நோன்பு திறந்த பிறகு அவளை ஓட்டோவின் பின் ஆசனத்தில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து சொன்னாராம். கோவிலில் சாமி கும்பிட வந்தவர்களைக் கொன்றுவிட்டார்கள். கொன்றவர்கள் நம்மைப் போலப் பெயர் உள்ளவர்கள். அதனால் சனம் நம்மைப் பார்த்தும் பயப்படுகிறது. சிறகு நனையவில்லை, வாப்பாவுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த நாலு வசனமும்தான். இதற்குமேல் தன்னால் முடியவில்லை என்றார். மகள், செத்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்களா என்று மட்டும் கேட்டாள். இருந்தார்கள் என்று சொன்னார். அதன்பிறகு பல மாதம் அவள் கதை கேட்கவில்லை. விலை அது. உண்மை சொன்னதால் வந்த விலையா, முன்னர் பொய் சொன்னதால் வந்த விலையா என்று மச்சான் என்னிடம் கேட்டார். ரயில் ஒன்று போய் முடியும்வரை நான் பேசாமல் இருந்தேன். பிறகும் பேசவில்லை.

ஜூன் 12இல் கோவில் மீண்டும் திறந்தது. அதற்கடுத்த கிழமைகளில் ஒரு நாள் வெள்ளவத்தையிலிருந்து வயதான அம்மா ஒருவர் தொலைபேசி எடுத்தாராம். "தம்பி, செவ்வாய்க்கிழமை வாறீங்களோ?" நாலைந்து குடும்பத்தில் அந்த ஒருவர். மச்சான் போனார். கண்ணாடியில் இருந்த பிஸ்மியைக் கழற்றிவிட்டுப் போவதா என்று யோசித்து, கழற்றாமல் போனதாகச் சொன்னார். மகளிடம் அந்த ஹயரைப் பற்றிச் சொல்லும்போது கதை எதுவும் சேர்க்கவில்லை.

2022இல் நாட்டில் எண்ணெய் இல்லாமல் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஜூன் மாதத்தில் ஓட்டோக்கள் இரண்டு நாள், மூன்று நாள் என்று வரிசையில் கிடந்தன. மருமகளுக்கு அப்போது ஒன்பது வயது. இந்த முறை மச்சான் நேராகச் சொல்லிவிட்டார்: பெற்றோல் இல்லை, காசும் குறைவு, எப்போது வரும் என்று தெரியாது. ஓரிரவு அவர் வரிசையில் கிடக்க, தங்கச்சி சாப்பாட்டுப் பார்சலோடு மகளையும் கூட்டிப் போயிருக்கிறாள். மாமியும் கூடவே போனாராம். மச்சான் சாப்பிட்டார். மகள் பின் ஆசனத்தில் ஏறி, முன்னால் ஆசனத்தின் கம்பியில் நாடியை ஊன்றிக்கொண்டு, தாமரைக் கோபுரத்தில் தேன் ஏன் முடிந்தது தெரியுமா வாப்பா என்று தொடங்கினாள். நண்டின் பேரப்பிள்ளைகள் ஒருநாள் இரவு களவாக ஏறி எல்லாவற்றையும் குடித்துவிட்டனவாம். குடித்த மயக்கத்தில் பக்கவாட்டில் நடக்காமல் நேராக நடந்து போயினவாம். காலி வீதி நெடுக, வரிசை வரிசையாக.

வாப்பாவும் மகளும் கேட்டதும் சொன்னதுமாக இருக்க, இடையில் மாமி குறுக்கிட்டாராம்: கிழட்டு நண்டு அதுகளுக்கு ஏசவில்லையா என்று.